இருபதாவது செட்

மணி இரண்டாகப் போகிறது, இன்னும் மாட்டவில்லை. மாட்டியிருக்க வேண்டும். சாப்பிட்டாயிற்று, பல் தேய்த்தாயிற்று, மீன் குழம்பு வாடை போகும்வரை கொப்பளித்தாயிற்று. ஆனாலும் குமுதவல்லி சமையல் மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு கண்ணாடி டம்ளரையே பார்த்தபடி நின்றாள். தண்ணீருக்குள் அவள் வாய் கிடந்தது. மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று, பல்லுக்கு உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் மெல்லிசான பிளாஸ்டிக். டாக்டர் நஸ்ரீன் அதை அலைனர் என்பாள். பாலிடெக்னிக் நூலகத்தில் கூட வேலை பார்க்கும் விஜிலா கண்ணுக்குத் தெரியாத கிளிப் என்பாள். அம்மாவுக்கு அது வெறும் ‘அது’. அதை மாட்டிட்டியா, அதைக் கழட்டிட்டுத் தின்னு, அது எங்கடி. பத்து நாளைக்கு ஒரு செட், மொத்தம் முப்பத்திரண்டு, இது இருபதாவது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருந்தாக வேண்டும், மிச்சம் இரண்டு மணி நேரம்தான் சோற்றுக்கும் காப்பிக்கும். அந்த இரண்டு மணி நேரமும் பற்கள் சும்மா இருப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். பூட்டிய வீட்டுக்குள் யாரோ பாத்திரத்தை நகர்த்துவது மாதிரி ஒரு சின்ன அசைவு, ஈறுக்குள்ளே, எலும்புக்குள்ளே. நாக்கை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாக்கை எடுத்தால் மறுபடி நகரும். முப்பத்தெட்டு வயதில் பல்லைச் சரி பண்ணப் போகிறேன் என்றதும் விஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “யாருக்குடி காட்டப் போற?” யாருக்கும் காட்ட அல்ல. ஒருவரை அனுப்பி வைக்க. அதை விஜிலாவிடம் எப்படிச் சொல்வது, மேலே முன்பல் இரண்டும் என்னுடையவை அல்ல, என் அப்பாவுடையவை, அவரை வெளியே அனுப்பத்தான் இவ்வளவு பாடும் என்று. சொன்னால் தில்லைநகரில் மனநல டாக்டர் யாரிடமாவது காட்டிவிடுவாள்.

அந்த முதல் நாள். நஸ்ரீன் பேனா மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் விட்டு இண்டு இடுக்கெல்லாம் படம் எடுத்தாள், பிறகு கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் ஒரு வாய். முகம் இல்லை, உதடு இல்லை, நாக்கு இல்லை. ரோஸ் நிற ஈறும் பல்லும் மட்டும் அந்தரத்தில் நின்று தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இடது முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, அதற்கு அடுத்தது உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்றது. இந்த வாயைக் குமுதவல்லி கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், ஆனால் இப்படித் தனியாக, பேசக் காத்திருப்பது மாதிரி, வேறு ஒரு முகத்தில் அல்லவா பார்த்திருக்கிறாள். நஸ்ரீன் கீழே இருந்த பொத்தானை வலப்பக்கம் இழுத்தாள். பற்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின, காலை இறக்கின, திரும்பி நேராக நின்றன, கடைசியில் யாருடையதும் இல்லாத ஒரு வரிசை வந்தது. “இதுதான்க்கா உங்களோட முப்பத்திரண்டாவது செட்.” நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு தரம் காட்டுகிறேன் என்று அந்தப் பெண் பொத்தானை இடப்பக்கம் தள்ளினாள், நல்ல வரிசை கலைந்து, அவர் திரும்பி வந்தார். “பல்லுக்கு ஞாபகம் ஜாஸ்திக்கா. விட்டா பழைய இடத்துக்கே போயிடும். எல்லாம் முடிஞ்ச பெறகும் தூங்கறப்ப ரிட்டெய்னர்னு ஒண்ணு போடணும்.” எத்தனை வருஷத்துக்கு என்று குமுதவல்லி கேட்டாள். “இருக்கிற வரைக்கும்தான்,” என்று நஸ்ரீன் சிரித்தாள். வரிசையான, கள்ளமில்லாத பற்கள். இருக்கிற வரைக்கும். அப்படியானால் அவர் எங்கேயும் போகப் போவதில்லை. ஈறுக்குப் பின்னால் காத்திருப்பார், இவள் எப்போது மறப்பாள் என்று.

கரண்ட் போயிற்று. ஃபிரிட்ஜ் ஒரு முனகலோடு நின்றது, கூடத்து மின்விசிறி இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுக்குமாடியில் எல்லார் வீட்டிலும் உண்ட மயக்கம். நாய்கூடக் குரைக்கவில்லை. கருமண்டபம் பகுதியில் இப்படி ஒரு அமைதி எங்கே இருந்து வந்தது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. டம்ளருக்குள் பிளாஸ்டிக் வாய் லேசாகச் சாய்ந்தது. அவள் நகர்த்தவில்லை. தண்ணீர்தான் அசைந்திருக்கும், மேடையில் இடுப்பு பட்டிருக்கும், வேறென்ன. போன புரட்டாசியில் அப்பாவின் பட்டறைக் கூட்டாளி ஒருவர் இவள் எண்ணைத் தேடிப் பிடித்து, அவர் இறந்துவிட்டதாகத் திண்டுக்கல்லில் இருந்து போன் செய்தபோதும் இப்படித்தான் மத்தியானம். அம்மாவிடம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். லாட்ஜ் அறை, அதில் ஒரு சின்னக் கட்டில், நாலைந்து ஆண்கள். தாடையைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள், நெற்றியில் ஒற்றை ரூபாய். வாய் இறுக மூடியிருந்தது. அழுகை வருமா என்று காத்திருந்தாள், வரவில்லை, வந்தது ஒரு நிம்மதிதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. தட்சிணாமூர்த்தி என்கிற அந்த ஆளின் வாய் இனித் திறக்காது. ஆனால் திரும்பி வருகையில் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, பஸ் கண்ணாடியில் அவள் முகம் விழுந்தது, அசதியில் உதடு பிரிந்திருந்தது. அங்கே கட்டிவிட்டு வந்த வாய் இங்கே திறந்துகொண்டிருந்தது. மணப்பாறை தாண்டும்வரை துப்பட்டாவால் மூடிக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரம்மா பல்வலியா என்று கேட்டு ஒரு கிராம்பு கொடுத்தாள். அடுத்த வாரமே நஸ்ரீனிடம் போனது அதனால்தான்.

போனது நல்லதுக்குத்தான் என்று இந்த ஆறேழு மாதமும் நினைத்திருந்தாள். ஒவ்வொரு புது செட்டும் முதல் இரண்டு நாள் வலிக்கும், தோசையைக்கூடப் பிய்த்து ஊற வைத்துத்தான் விழுங்க வேண்டும். வலிக்க வலிக்க ஒரு திருப்தி. போ, போ. அம்மாவும் மாறியிருந்தாள். முன்பெல்லாம் இவள் ஏதாவது சொல்லிச் சிரித்தால் அம்மாவின் கண் முதலில் இவள் வாய்க்குப் போகும், அடுத்த நொடி வலது கை தானாக ரவிக்கையின் இடது கையை இழுத்துவிடும். ‘வாயை மூடிக்கிட்டுச் சிரியேன்.’ போட்டோ பிடிக்கும்போது, பெண் பார்க்க வந்தபோது, பட்டமளிப்பு விழாவில், எப்போதும் அதே வார்த்தை. குமுதவல்லி கோபப்பட்டதே இல்லை. அம்மா பயப்படுவது தன்னைப் பார்த்து அல்ல, தன் வாயில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து என்று தானாகவே புரிந்துகொண்டிருந்தாள். புத்திசாலிப் பெண்ணாம். அந்த இடது கையில், முழங்கைக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில், அவர் கடித்த தழும்பு இருக்கிறது. அதற்காகவே அம்மா முழங்கை தாண்டித் தைத்த ரவிக்கைதான் போடுவாள், வீட்டில் நைட்டிக்கும் கை நீளம். ஒரே வீட்டில் இருபத்தேழு வருஷமாக இருந்தும் குமுதவல்லி அந்தத் தழும்பை மறுபடி பார்த்ததில்லை. ஜெயக்கொடி என்று பெயர் வைத்த பெண்பிள்ளை இப்படிக் கையை ஒளித்துக்கொண்டே கிழவியாகிவிட்டாள்.

இப்போது தெரிகிறது. சமையலறையில் இருந்தே தெரிகிறது. கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த அம்மா வெக்கை தாங்காமல் இடது கையைத் தலைக்கு மேல் போட்டிருக்கிறாள், நைட்டியின் கை தோள்வரை வழுக்கி இறங்கியிருக்கிறது. பால்கனிக் கதவு வழியாக வந்த வெளிச்சம் சரியாக அங்கேதான் விழுகிறது. மாட்டிக்கொள், மணி இரண்டேகால், மாட்டிக்கொண்டு போய்ப் படு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கால் கூடத்துக்குப் போயிற்று. பார்த்தால் என்ன. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே. இருபது செட்டுக்குப் பிறகும் இந்த வாய் அந்தத் தழும்போடு பொருந்துகிறதா இல்லையா. பொருந்தவில்லை என்றால் அவர் போய்விட்டார். பொருந்தினால்? நஸ்ரீன் காட்டுகிற படங்களை நம்பி என்ன பிரயோசனம், அவர் யார் என்று நஸ்ரீனுக்குத் தெரியுமா. அலைனரைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் பசை போட்டு ஒட்டியிருந்த சின்னச் சின்னப் புடைப்புகள் உதட்டின் உள்பக்கத்தை உரசின. அலைனர் இல்லாத வாய் அகலமாகவும் ஈரமாகவும் இருந்தது. நாலு எட்டு. அம்மாவின் மூச்சு சீராக வந்தது.

அப்பாவை வீட்டை விட்டு அனுப்பிய பஞ்சாயத்து அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அதாவது நன்றாக ஞாபகம் இருப்பதாக நினைத்திருந்தாள். தை மாதம், வயது பதினொன்று, டைபாய்டு. துவாக்குடிப் பக்கம் லைன் வீடு. அவர் கடைசல் பட்டறையில் இருந்து வந்தால் வீடு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். குளியலறையில் துண்டை நனைத்து முறுக்கிப் பிழியும் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு உள் அறைக்குப் போய் நிற்பாள், அதுவும் ஏதோ சமையலில் அடுத்த வேலை என்பது மாதிரி. பிறகு சளார் சளார் என்று சத்தம். அப்புறம் ஒரு நாள் மாமா வந்தார், தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள், மூலை வீட்டில் இருந்த ரிட்டையர்டு ஏட்டு டார்ச்சோடு வந்தார். அம்மா ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். ஏட்டு தழும்பைப் பார்த்தார், கோணலான அந்தப் பல் வரிசை தோலில் அச்சாக இருந்தது. பிறகு அப்பா பக்கம் திரும்பி, “வாயைத் திற” என்றார். அவர் உடனே திறக்கவில்லை. கதவோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற குமுதவல்லியை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வை. உன்னை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று மிரட்டும் பார்வை. பிறகு திறந்தார், டார்ச் அடித்தார்கள், கால்மேல் கால் போட்ட பல்லைப் பார்த்து மாமா காறித் துப்பினார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பையோடு அன்று சாயங்காலமே போனவர்தான். இதெல்லாம் சரியாக இருந்தது. சரியில்லாதது வேறு ஒன்று, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் போன பிறகு ஏதோ ஒரு நாள், காய்ச்சலோடு காய்ச்சலாக, அம்மாவின் அந்தக் கையில் தன் வாயை வைத்துப் பார்த்திருக்கிறாள். பொருந்தியது. ஒரு பல் பிசகாமல் பொருந்தியது. அம்மா அலறினாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, போனவர் போகவில்லை, இங்கே குடிவந்துவிட்டார் என்று.

பாயின் ஓரத்தில் மண்டியிட்டாள். முழங்கால் மடங்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. தழும்பு வெளுத்து, இரண்டு பிறை மாதிரி இருந்தது. மேல் பிறையில் ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது, பக்கத்தில் ஒன்று திரும்பியிருந்தது. சின்னதாக இருக்கிறதே. ஓர் ஆம்பிளை வாய்க்கு இது ரொம்பச் சின்னது. வயதாக ஆகச் சதை சுருங்கும், தழும்பும் சுருங்கும், அப்படித்தான் இருக்கும். அவள் குனிந்தாள். அம்மாவின் தோலில் இருந்து பவுடரும் வேர்வையும் கலந்த வாசனை வந்தது, அந்த வாசனையோடு ஒரு ருசியும் நாக்கில் ஏறியது, உப்பும் இரும்பும். ஈரமாக இருந்ததே அன்றைக்கு. வாய் வைத்துப் பார்த்தபோது ஈரமாக, சூடாக இருந்தது. ஏன்? அவர் போய்ப் பல நாள் கழித்து என்றால் புண் ஆறியிருக்க வேண்டுமே, காய்ந்திருக்க வேண்டுமே. காய்ச்சல் நாக்குக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று இதே இடத்தில் அவள் பல தடவை சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இதே இடத்தில்தான் அந்த நினைவு துணி முள்ளில் மாட்டுவது போல மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு இன்னொன்றும் கூட வந்தது. இரண்டு கன்னத்திலும் விரல்கள். தாடை எலும்பு சேரும் இடத்தில் கட்டைவிரலும் நடுவிரலும் அழுத்துகின்றன, பட்டறை எண்ணெய் வாடை அடிக்கும் விரல்கள், வலிக்கிறது, ஆனால் அடிக்கிற கை அல்ல. மாத்திரை கொடுக்க வாயைத் திறந்திருப்பார். இல்லை, மாத்திரை கொடுத்தது எப்போதும் அம்மாதான். போனவருடைய விரல் அந்த நாளுக்குள் எப்படி வந்தது? அவள் வாய் திறந்திருந்தது. எப்போது திறந்தாள் என்று தெரியவில்லை. தழும்புக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு விரற்கடை கூட இல்லை, தாடைக்கு மூடவேண்டும் என்று இருந்தது, அவளுக்கு இல்லை, தாடைக்கு.

“பொருந்தாதுடி,” என்றாள் அம்மா.

கண் மூடித்தான் இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. குமுதவல்லி பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முழிச்சிருக்கியா என்று கேட்டாளா, நினைத்தாளா.

“கரண்ட் போனதுலேர்ந்து முழிச்சுத்தான் இருக்கேன். இருபது ஆயிடுச்சுல்ல. இனிமே பொருந்தாது. போயி அதை மாட்டு, ஒரு மணி நேரம் ஆவப்போவுது.”

“அம்மா, எனக்கு அவர் பல்லு வேணாம்மா. அவரு என் வாய்லேர்ந்து போயிட்டாருன்னு ஒரு தடவை பாத்துக்கணும், அவ்வளவுதான்.” சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது, திண்டுக்கல்லில் வராதது.

அம்மா கண்ணைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, வழக்கம்போல வாயைத்தான் பார்த்தாள். “அவரு பல்லா? இத அவரு கடிச்சாருன்னா நெனச்சுக்கிட்டு இருக்க, இத்தன வருசமா?” சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு குரல். “உனக்குத் தெரியும்னு நெனச்சேண்டி. தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருக்கேன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்.”

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, பால்கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். “உனக்குக் காய்ச்சல் தகிக்குது. அவரு துண்டை நனைச்சுக்கிட்டு வந்துட்டாரு. நீ பாயிலேர்ந்து எந்திரிச்சு வந்து கத்துற. லைன் வீடு, எல்லாருக்கும் கேக்குமேன்னு உன்னை இழுத்து இந்தக் கைக்குள்ள வாயை அமுக்கிப் புடிச்சேன். நீ கடிச்ச. கடிச்சா விடணும்ல, விடல நீ. சதை கிழியிற வரைக்கும் விடல.” நிறுத்தினாள். “பத்து வருசம் அடிச்சாருடி. ஈரத் துண்டுக்குத் தழும்பு ஏது? எங்கண்ணங்கிட்ட எத்தன தரம் சொல்லியிருப்பேன், எங்க, காட்டுன்னுதான் கேட்டான். காட்ட ஒண்ணுமில்ல. இது வந்துது. காட்டுனேன். ரெண்டு பேருக்கும் ஒரே பல்லு, டார்ச் அடிச்சுப் பாத்தவன் என்னத்தக் கண்டான்.”

வெளியே எங்கோ ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. அப்படியானால் பின்னால் வந்து வாய் வைத்துப் பார்த்த நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரே நாள்தான், இவள்தான் அதை இரண்டாக வெட்டி ஒரு துண்டை அவரிடம் கொடுத்திருக்கிறாள். பல் முழுக்க இவளுடையது. சிரிக்கும்போதெல்லாம் ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா பயந்தது யாரையோ நினைத்து அல்ல, எதிரே உட்கார்ந்து சிரித்தவளைப் பார்த்துத்தான். அவளுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது, எழுந்து ஓடவும் வேண்டியிருந்தது. இரண்டும் செய்யாமல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அம்மா நைட்டிக் கையை மெதுவாக மணிக்கட்டுவரை இறக்கிவிட்டாள். “இன்னும் நாலு மாசம். அப்புறம் யாரு வந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. எந்திரி, போய் மாட்டு.”

“அவருக்குத் தெரியுமாம்மா?”

“என்னது?”

“நான்தான் கடிச்சேன்னு.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “தெரியாம? உன் தாடையப் பிரிச்சு என் கைய வெளிய எடுத்ததே அவருதானே,” என்றாள்.